மெடிக்கலில் ஃபெயிலான மச்சான்

"மாமா... ஃபெயிலாயிட்டேன் மாமா."

ஒரு மாதத்துக்கு முன்பு, நான் தட்டில் ரசம் ஊற்றிய நேரம் பார்த்து செல்போனில் வந்த செய்தி இது. பேசியது பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இல்லை. என் மனைவியின் தம்பி. முப்பத்தொன்பது வயது. இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. குமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எழுதுனா எழுதுங்க மாமா, பேரை மட்டும் மாத்திடுங்க" என்பது அவனுடைய நிபந்தனை.

முப்பத்தொன்பது வயதில் என்ன பரீட்சை? எதில் ஃபெயில்?

"மெடிக்கல்ல."

இதை அப்போதே இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பேன். என் மனைவி தடை போட்டுவிட்டார். "அவன் வேலை விஷயம் முடியட்டும். அதுக்குள்ள பத்திரிகையில போட்டு மானத்தை வாங்காதீங்க." நேற்றுத்தான் தடை நீங்கியது. ஒரு மாத எரிச்சல் மொத்தமும் உள்ளே அப்படியே இருக்கிறது. இந்த வாரம் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். கும்மிடிப்பூண்டியில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கும் சின்ன மில் ஒன்றில் குமார் ஃபிட்டர். கரண்ட் கட் வந்ததிலிருந்து அந்த மில் வாரத்தில் பாதி நாள் ஓடுவதில்லை. ஓடுகிற நாளுக்குத்தான் சம்பளம். இந்த நேரத்தில் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., பொன்னேரியிலிருந்து கம்பெனி பஸ். இன்டர்வியூவில் பாஸ். டிரேட் டெஸ்ட்டில் பாஸ் — தொழிலில் அவனைக் குறை சொல்ல முடியாது. மிச்சம் இருந்தது உடல் பரிசோதனை. நம் பக்கத்து பாஷையில் 'மெடிக்கல்'. அதில் போய் விழுந்தான்.

இப்போதைக்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிரஷர் எகிறிக் கிடக்கிறது. ரத்தத்தில் கிரியாட்டினின் இருக்க வேண்டிய அளவைத் தாண்டியிருக்கிறது. கிரியாட்டினின் ஏறினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒரு மாதம் கழித்து மறுபடி வா, அப்போதும் இப்படியே இருந்தால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

"எனக்கு இன்னாத்துக்கு மாமா கிட்னி போவுது? நான் தண்ணி கூட அடிக்கிறதில்லியே!"

அது உண்மை. குடிக்க மாட்டான், பீடி சிகரெட் கிடையாது. இரண்டு வருடமாக பிரஷருக்கு ஒரு மாத்திரை, அதையும் தவறாமல் போடுகிறவன். பிறகு எப்படி?

அன்று சாயங்காலமே நானும் மனைவியும் கிளம்பி அவன் வீட்டுக்குப் போனோம். பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமம்தான். குமார் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி தேவி அழுது முடித்து, கோபத்துக்கு வந்திருந்தாள்.

"சமீபத்துல ஏதாவது மருந்து மாத்திரை சாப்ட்டியாடா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லியே மாமா."

"ஒண்ணும் இல்லியா?" என்றாள் தேவி. "இருங்கண்ணா, வரேன்."

உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து பாயின் மேல் கவிழ்த்தாள். கொட்டியது பிஸ்கட் இல்லை. மாத்திரை அட்டைகள். பாதி தின்றது, முழுசாகத் தின்றது, புத்தம் புதுசு... ஒரு சின்ன மருந்துக் கடையே வைக்கலாம்.

"இன்னாடா இது?" — நான்கூட அவன் பாஷைக்கு வந்துவிட்டேன்.

"வலி மாத்திரை மாமா. இடுப்புக்கு."

மில்லில் கியர்பாக்ஸ் மூடியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டதாம். இரண்டு மாதம் ஆகிறதாம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "இடுப்பு போன ஆளு" என்று பட்டம் கட்டிவிடுவார்களாம்.

சரி, வலிக்கு மாத்திரை. ஆனால் எதற்கு மூன்று வகை?

"இது மில்லுல ஃபர்ஸ்ட் எய்டு பெட்டியில குடுத்தது. காலையில போட்டுக்குவேன். இது மெடிக்கல் ஷாப்புல செட்டா வாங்கினது. மதியத்துக்கு. இது தேவி பல்வலிக்கு வாங்குனதுல மிச்சம். ராத்திரி தூங்கச் சொல்ல."

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டைகளின் பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தைப் படித்தேன். முதல் அட்டை, டைக்ளோஃபினாக். இரண்டாவது அட்டை, வேறு கம்பெனி, வேறு பெயர்... உள்ளே அதே டைக்ளோஃபினாக். மூன்றாவதில் இபுப்ரோஃபன். அதுவும் அதே ஜாதி மருந்து. வீக்கத்தையும் வலியையும் அடக்குகிற கூட்டம்.

"மூணும் ஒரே குடும்பம்டா!"

"வேற வேற கலரா கீதே மாமா!"

"கலர் வேறடா, பேர் வேற. ஒரே ஆளை மூணு சட்டை மாத்தி மூணு தடவை உள்ள உட்டிருக்கே."

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். தேவி வேறு ஓர் அட்டையைத் தனியாக எடுத்துக் காட்டினாள். ஒரு மாத்திரை கூடப் பிரிக்கப்படவில்லை. அது செட்டோடு கொடுத்த 'கேஸ் மாத்திரை'. வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கக் கூடவே கொடுப்பது.

"இதை ஏன் போடலை?"

"எனக்குத்தான் கேஸ் டிரபுள் இல்லியே மாமா. இல்லாத வியாதிக்கு இன்னாத்துக்கு மாத்திரை?"

பாருங்கள் நியாயத்தை! வேண்டாத மாத்திரை மூன்றை விழுங்குவானாம். அந்த டப்பாவிலேயே அவனைக் காப்பாற்ற வந்தது இந்த ஒரு மாத்திரைதான், இதை மட்டும் சிக்கனமாக எடுத்து வைத்திருக்கிறான்.

ஆனால் இதைவிடப் பெரிய கூத்து பின்னால் இருந்தது.

இடுப்பு வலி முதல் மாதத்திலேயே ஓரளவு குறைந்துவிட்டதாம். அப்புறம் எதற்கு இத்தனை மாத்திரை என்று குடைந்தபோதுதான் சொன்னான். மெடிக்கலுக்காகவாம். அதற்கு 'ரெடி' பண்ணிக்கொண்டானாம்.

வெளியூர் வாசகர்களுக்கு இது தெரிந்திருக்காது. எங்கள் பக்கம் கம்பெனிகள் வந்ததோடு கூடவே ஒரு படிப்பும் வந்திருக்கிறது. மெடிக்கலில் பாஸ் ஆவது எப்படி? சிப்காட் ரோட்டில் டீக்கடைக்கு டீக்கடை இதற்கு வாத்தியார்கள் உண்டு. எல்லாம் ஏற்கெனவே வேலையில் சேர்ந்தவர்கள், அல்லது சேர முடியாதவர்கள். எடை குறைவா? வாசலில் நின்று ஒரு சீப்பு வாழைப்பழம் தின்றுவிட்டு உள்ளே போ. கண்ணு மங்கலா? போர்டில் கடைசி இரண்டு வரியை மனப்பாடம் பண்ணிக்கொள். பிரஷரா? இளநீர். குனிந்து நிமிரச் சொல்வார்களே, இடுப்பு வலித்தால்? மூன்று வாரம் முன்னாலிருந்தே வலி மாத்திரையை 'ஏத்திக்கொள்'. உடம்பில் ஊறி நின்றால் அன்றைக்கு வலி எட்டிப் பார்க்காதாம்.

ஊறி நிற்பதற்கு அது என்ன ஊறுகாயா?

குமார் டிரேட் டெஸ்ட் பாஸான அன்றே இந்தக் கோச்சிங்கில் சேர்ந்துவிட்டான். மூன்று வாரம். தினமும் மூன்று வேளை. மில்லில் உலைச் சூட்டில் வியர்வை ஊற்றும். தண்ணீர் குடிக்கப் போக நேரம் இருக்காது. அந்த உடம்புக்குள்ளே மூன்று சட்டை மாட்டிய அந்த மாத்திரை.

கடைசி நாள் இன்னும் அழகு. ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். தேவி நாஷ்டாவை டப்பாவில் கட்டிக் கொடுத்திருக்கிறாள், ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிட. இவன் பஸ் ஏறுவதற்கு முன்பு இரண்டு மாத்திரையை ஒரு வாய் தண்ணீரில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

"வெறும் வயித்துல வலி மாத்திரை போடக் கூடாதுன்னு தெரியாதாடா?" என்றார் என் மனைவி.

"அவுங்க சாப்புடக் கூடாதுன்னுதானே சொன்னாங்கக்கா. மாத்திரை போடக் கூடாதுன்னு சொல்லலியே."

வரிசையில் நிற்கும்போதே நெஞ்செரிச்சல். வயிற்றில் நெருப்பு. அதை யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்து காட்டியிருக்கிறான். "இடுப்பு டெஸ்ட்ல பாஸ் மாமா" என்றான், பெருமையாக! இடுப்பைக் காப்பாற்றி கிட்னியைக் கோட்டை விட்ட வீரன்.

மறுநாள் அவனைப் பொன்னேரியில் நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். டப்பாவோடு. தேவியும் கூட வந்தாள். அவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, மூடி, மேஜையின் அந்தப் பக்கம் தள்ளி வைத்தார். அவருக்கும் அன்றைக்குப் பொறுமை இல்லை போலிருக்கிறது.

"வலி மாத்திரை இடுப்பைத் தேடிப் போய் அங்க மட்டும் வேலை செய்யும்னு நினைச்சீங்களா? உடம்புல எந்தச் சரக்கு வலியை உண்டாக்குதோ, அதே சரக்குதான் வயித்துச் சுவரையும் காப்பாத்துது, கிட்னிக்கு ரத்தம் போறதையும் பார்த்துக்குது. இந்த மாத்திரை எல்லாத்தையும் சேர்த்து அடக்கிடும். உப்பையும் தண்ணியையும் உடம்புல தேக்கி வைக்கும். பிரஷர் ஏறும். நீங்க போடுற பிரஷர் மாத்திரையையும் வேலை செய்ய விடாது."

குமார் மெதுவாக, "இளநீர் குடிச்சேனே மேடம்..." என்றான்.

டாக்டரம்மா அவனைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

"மலம் கருப்பா, தார் மாதிரி போச்சா?" என்று கேட்டார். தேவி முன்னால் இதைக் கேட்டதில் அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது. இல்லை என்று தலையாட்டினான். "போயிருந்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ரத்த வாந்தி, மூச்சு வாங்குறது, முகம் கால் வீங்குறது, மூத்திரம் குறையறது... எது வந்தாலும் சரி. வெட்கப்பட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது."

கிட்னி திரும்புமா என்று தேவி கேட்டாள். இத்தனை நேரம் வேலை வேலை என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். வேலை போனால் மில் இருக்கிறது, வேறு இடம் இருக்கிறது. கிட்னி போனால்?

"இப்பவே நிறுத்தினதால திரும்பும்னு நம்புறேன்" என்றார் டாக்டரம்மா. "நிறைய பேருக்குத் திரும்பும். இன்னும் ரெண்டு மூணு மாசம் இப்படியே போட்டிருந்தா என்னால இதைச் சொல்ல முடியாது. நம்ம ஊர்ல டயாலிசிஸ் போறவங்க எல்லாரும் குடிகாரங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்களா?"

பிறகு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். வலி மாத்திரை விஷம் இல்லை. தேவைப்பட்டால் போடலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே வகைதான். எவ்வளவு குறைவாகப் போட்டால் வலி அடங்குமோ அவ்வளவு, எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் மட்டும். சாப்பிட்ட பிறகு. தண்ணீர் நிறையக் குடித்து. வாந்தி பேதியாகி உடம்பு வற்றிக் கிடக்கும் நாளில் தொடவே கூடாது. பிரஷர், சர்க்கரை, இதயம், கிட்னி, ஆஸ்துமா, அல்சர் — இதில் எது இருந்தாலும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலும், கர்ப்பமாக இருந்தாலும், டாக்டரைக் கேட்காமல் கையை நீட்டக் கூடாது. சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று முதலில் பார்க்க வேண்டும், அதையும் அளவோடு.

இவ்வளவுதான். இதில் எது புரியாத விஷயம்?

வரும் வழியில் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்த 'செட்டு' கொடுத்த மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். குமார் "வேணாம் மாமா, தெரிஞ்ச ஆளு" என்று சட்டையைப் பிடித்து இழுத்தான். விடவில்லை.

"இவனுக்கு பிரஷர் இருக்கான்னு கேட்டீங்களா?"

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், ஒரு நாளைக்கு எத்தினி பேரு வந்து இடுப்புவலி, மேல்வலின்னு நிக்கிறாங்கோ தெரியுமா? நான் கேட்டா, 'நீ இன்னா டாக்டரா? மாத்திரையைக் குடு'ன்றாங்கோ. குடுக்கலன்னா எதிர்க்கடைக்குப் போறாங்கோ. நீங்க வேற, வந்து பேஜாரு பண்றீங்க."

தன் பிரஷர் மாத்திரையையே அவரிடம்தான் வாங்குகிறவன் இவன். அதைச் சொன்னதும் முகம் மாறியது. "அத்த... யோசிக்கல சார்" என்றார். உண்மையிலேயே சங்கடப்பட்டார். அதற்குள் ஒருவர் வந்து "முட்டிவலிக்கு ஒரு செட்டு" என்று கையை நீட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "உங்களுக்கு பிரஷர், சுகர் ஏதாவது கீதா?" என்று கடைக்காரர் கேட்டார், என் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தபடி.

"அதெல்லாம் உனக்கு எதுக்குப்பா?" என்றார் வந்தவர்.

யாரைத் திட்டுவது, சொல்லுங்கள்? கேட்காத கடைக்காரரையா? கேட்டால் கோபப்படும் நம்மையா? சேலை எடுக்கப் போனால் கரையைத் திருப்பிப் பார்க்கிறோம். கத்திரிக்காயை அமுக்கிப் பார்க்கிறோம். வயிற்றுக்குள் போகிற மாத்திரையின் பின்பக்கத்தைப் படிக்க மட்டும் நமக்கு நேரம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த மாத்திரை கேட்டதாம், நமக்கும் கேட்குமாம். அவர் கிட்னியும் நம் கிட்னியும் ஒரே தறியில் நெய்ததா என்ன?

அந்த ஒரு மாதம் குமாருக்குச் சுலபமாகப் போகவில்லை. பிஸ்கட் டப்பாவை தேவி என் மனைவியிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். மில்லுக்குப் போகும்போது பெரிய பாட்டிலில் தண்ணீர். சுடுதண்ணீர் ஒத்தடம், டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த இடுப்புப் பயிற்சி, கொஞ்சம் நடை. தாங்க முடியாத நாளில் மட்டும் பாராசிட்டமால். பிரஷர் மெல்ல இறங்கியது.

மறு மெடிக்கலுக்கு முந்தின நாள் போன் பண்ணினான்.

"மாமா, காலையிலேர்ந்து இடுப்பு புடிச்சுக்கினு கீது. நாளைக்குக் குனியச் சொன்னா மாட்டிக்குவேன். ஒரே ஒரு மாத்திரை... ஒண்ணுதானே மாமா?"

நான் கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "போடாத! போய் உண்மையைச் சொல்லுடா. இடுப்பு வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லு."

"சொன்னா வேலை போயிடும் மாமா."

"போனா போவட்டும்டா!"

சொல்லிவிட்டேனே தவிர, போனை வைத்த பிறகு எனக்குத்தான் பக் பக் என்று இருந்தது. அவன் பிள்ளைகளுக்கு நானா ஃபீஸ் கட்டப் போகிறேன்? சொல்வது எனக்கு எவ்வளவு சுலபம். என் மனைவி பூஜை அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

குமார் மாத்திரை போடவில்லை. கம்பெனி டாக்டரிடம் போய், "இடுப்பு வலி இருக்குது சார். போன தடவை மறைச்சேன். மாத்திரை போட்டுக்கினு வந்தேன். அதனாலதான் பிரஷர் ஏறிச்சு" என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டான். அவர் குனியச் சொல்லி, படுக்கவைத்து, காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். தசைப் பிடிப்புதான், சரியாகிக்கொண்டு வருகிறது, கொஞ்ச நாளைக்கு வெயிட் தூக்கக் கூடாது, ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து செய்கிற ஃபிட்டிங் வேலை கொடுக்கலாம் என்றாராம். பிரஷர் சரி. ரத்தம் எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள்.

நேற்று ரிசல்ட் வந்தது. கிரியாட்டினின் இறங்கிவிட்டது. ஃபிட்! திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்.

அவன் வீட்டுக்குப் போனோம். தேவி கேசரி கிளறியிருந்தாள். என் மனைவி தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு அழுதார். நானும் கண்ணாடியைத் துடைப்பது போல ஏதோ செய்தேன். ஒரு மாதத்தில் முதல் முறையாக நிம்மதியாக உட்கார்ந்து ஸ்பூனைக் கையில் எடுத்தேன்.

அப்போது வாசலில் மூன்று பேர். அதே கம்பெனியில் அடுத்த வாரம் மெடிக்கலுக்குப் போகிறவர்களாம். விஷயம் அதற்குள் ஊருக்குள் பரவிவிட்டது.

"அண்ணா, ஃபெயிலான மெடிக்கல்லயே ஒரே மாசத்துல பாஸாயிட்டியாமே! இன்னா மாத்திரைண்ணா போட்ட?"

குமார் அவர்களை உட்காரவைத்துப் பொறுமையாக எல்லாம் சொன்னான். மாத்திரை போட்டதால் ஃபெயிலான கதை. நிறுத்தியதால் பாஸான கதை. தண்ணீர், ஒத்தடம், உண்மையைச் சொன்னது, எல்லாம். நான் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். மூன்று பேரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள்.

கேட்டு முடித்ததும் அவர்களில் பெரியவர் தேவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குமாரின் காதுப் பக்கம் குனிந்தார்.

"சரிப்பா, எல்லார் முன்னாடியும் சொல்ல வேணாம். மாத்திரை பேரை மட்டும் அப்பாலிக்கு போன்ல சொல்லு."

நான் கேசரியை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினேன்... வீட்டுக்குக் கிளம்பத்தான்!